பருவமும் யோகமும்

பெறுதற்கரிய மக்கட்பிறவியை எய்திய உயிர் அப்பிறவியாற் பெறத்தக்க பயன் இறைவன் திருவடிப்பேறு ஒன்றேயாம் என்பது நம் சைவ நூல்களின் துணிபு. அப்பேற்றிற்குக் கருவியாக இறைவன் தந்தருளியது உடம்பு. கருவி பழுதுறின் தொழில் நடவாது. அவ்வுடம்போ ஒரு நிலையில் நில்லாது, இளமை, நடுப்பருவம், முதுமை என வேறுபட்டுச் செல்வது. ஆதலின், உடம்பையும் உயிர்ப்பையும் உள்ளத்தையும் ஒருங்கே செம்மை செய்வதாகிய யோகமும் பருவந்தோறும் வேறுவேறு பயன் தருவதாதல் வேண்டும். அப்பயன்கள் யாவை என்பதனையும், அவற்றிற்கெல்லாம் மேலாய்ப் பருவங் கடந்த பயன் ஒன்று உண்டோ என்பதனையும் ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை 2014-ஆம் ஆண்டு டிசம்பர் 11-ஆம் நாள், 177 நாடுகள் உடன்நின்று வழிமொழிய, ஜூன் 21-ஆம் நாளை உலக யோக நாளாக அறிவித்தது. 2015 முதல் அந்நாள் ஆண்டுதோறும் கொண்டாடப்படுகின்றது. நம் நாட்டு ஞானச்செல்வம் ஒன்றனை உலகம் விரும்பி ஏற்றது மகிழ்தற்குரியதே. ஆயினும், ஏற்றோர் பலர் அதன் ஓர் உறுப்பினை மட்டுமே ஏற்றனர். அதற்கு உரியோராகிய நம்மவருட் பலரோ அவ்வோர் உறுப்பினையும் ஏலாது நிற்கின்றனர். இந்நிலையே இதனை எழுதுமாறு அடியேனைத் தூண்டியது.

அடியேன் ஆசிரியத் தொழிலினின்று ஓய்வு பெற்றபின் திருப்பூர் இராயபுரத்தில் வாழ்ந்து வருகின்றேன். ஞாயிறுதோறும் மாலையில் அன்பர் சிலர் வீட்டிற்கு வந்து திருமுறை ஓதிச் செல்வர். பள்ளிச் சிறாரும், பனியன் கம்பெனிகளில் தையற்பொறி முன் அமர்ந்து உழைக்கும் நடுவயதினரும், மக்கள் வேலைக்குச் சென்றபின் பேரக்குழந்தைகளைக் காத்து வீட்டிலிருக்கும் முதியோரும் அவருள் உளர். திருமந்திரத்தின் மூன்றாந் தந்திரத்தைத் தொடங்கிய நாளன்று, ஓவர்லாக் பொறியில் தைக்கும் அன்பர் ஒருவர், ‘அதெல்லாம் வயசான காலத்துல பார்த்துக்கலாமுங்க ஐயா’ என்று ஊர்வழக்கிற் கூறினர். அருகிருந்த மூதாட்டியார் ஒருவர், ‘மடக்கினால் மடங்காத முழங்காலை வைத்துக்கொண்டு இனி நான் என்ன செய்ய?’ என்றனர். சித்தாந்த நூல்களைப் பாடங் கேட்ட அன்பர் ஒருவரோ, ‘ஞானத்தாலன்றோ வீடு, நமக்கு யோகம் எற்றுக்கு?’ என்றனர். நடுவயதினர்க்கு இன்னும் வரவில்லை, முதியோர்க்குக் கடந்துவிட்டது, கற்றோர்க்கு வேண்டுவதில்லை. அங்ஙனமாயின் யோகம் யாருக்கு உரியது? இவ்வினா எளிதிற் தள்ளற்பாலதன்று.

யோகம் என்பது எட்டு உறுப்புடையது. இயமம், நியமம், ஆதனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை, தியானம், சமாதி என்பன அவை. இவற்றுள் ஆதனம் மூன்றாவது உறுப்பு. அதற்கு முன் நிற்பன, கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை, பகுத்துண்டல், கள்ளுண்ணாமை முதலாகிய ஒழுக்கங்கள். அடித்தளமின்றி மூன்றாம் மாடம் எழுப்புவாரைப்போல், ஒழுக்கத்தை விடுத்து ஆதனத்தில் தொடங்குவாரே இக்காலத்து மிகப் பலர்.

சாத்தனூரில் இறந்துகிடந்த மூலன் என்னும் இடையனது உடம்பிற் புகுந்து ஆனிரைகளின் துயர் நீக்கி, பின் திருவாவடுதுறையில் அரசமரத்தின்கீழ் யோகத்தமர்ந்து திருமந்திரம் அருளியவர் திருமூல நாயனார். பிறிதோர் உயிர் விட்டுச்சென்ற உடம்பையும் பழியாது, அதனையே கருவியாகக் கொண்டு தமிழ் செய்தவர் அவர். உடம்பைப் பேணுதல் உயிரைப் பேணுதலாம் என்று வற்புறுத்த அவரினும் உரியார் யாவர்?

இனி, யோகம் நமக்குப் புறம்பானது என்பாரும் தம் அன்றாட அநுட்டானத்தை நோக்குதல் வேண்டும். சமய தீக்கை பெற்ற சைவர் சந்தியாவந்தனத்தின்கண் பிராணாயாமம் செய்தல் விதி. நிமிர்ந்திருத்தலும், உயிர்ப்பை அடக்குதலும், புலன்களை உள்ளே மடக்குதலும், மந்திரத்தை எண்ணுதலும் அவ்வநுட்டானத்துள் அமைந்து கிடக்கின்றன. விரைந்து நீர் தெளித்து எழுவார்க்கு அது சடங்கு; நின்று செய்வார்க்கு அதுவே யோகம்.

முதற்கண் இளம்பருவத்தை நோக்குவாம். காவிரிக்கரை ஆதீனம் ஒன்றன் பாடசாலையில் அடியேன் பயின்ற காலத்து, வைகறையில் நீராடித் திருநீறணிந்து பாடத்திற்கு அமர்வோம். எம் ஆசிரியர் மாணாக்கர் எவரேனும் கூன்முதுகாய் அமர்ந்திருக்கக் கண்டால் சினவார். பாடத்தை நிறுத்திவிட்டுப் பேசாதிருப்பார். அவர் நிறுத்தியமை உணர்ந்து நாங்கள் நிமிர்ந்தபின்னரே அடுத்த சொல் வரும். யோகம் என்னும் பெயரை அவர் ஒருநாளும் கூறியதில்லை. ஆயினும் ஆதனம் இன்னதென்று உடம்பு அந்நாளிலேயே அறிந்துகொண்டது. பண்ணோடு தேவாரம் ஓதுங்கால் ஓரடியை ஒரே மூச்சில் முடித்தல் வேண்டும். உயிர்ப்பை வீணே விடாது காத்து மெல்லச் செலவிடும் பழக்கம் அதனால் வாய்த்தது.

எலும்பு வலிமை பெறுவது ஏறத்தாழ முப்பது வயது வரையே என்றும், பின்னர் அது மெல்லக் குறையுமென்றும் இக்கால மருத்துவர் கூறுவர். உலக நலவாழ்வு நிறுவனம் 2020-இல் வெளியிட்ட நெறிமுறை, 5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடம் உடலுழைப்புடையராதல் வேண்டும் என்கின்றது. ஆகவே, இளமையில் யோகத்தாற் பெறும் பயன் உறுப்புகளின் வளர்ச்சியும், நேர்நிற்றலும், ஒன்றன்கண் மனம் நிற்றலுமாம். ஆயின் சிறார்க்கு மூச்சை நெடிது அடக்கும் கும்பகம் ஆகாது. அவர்க்கு விளையாட்டோடொத்த ஆதனங்களும், வாய்விட்டு ஓதுதலும், பொய்யாமை முதலிய இயமமுமே அமையும்.

அடுத்தது நடுப்பருவம். இதனையே யோகத்திற்கு இடமில்லாப் பருவமென்று உலகம் கருதுகின்றது. அடியேன் கருதுவது, இதனினும் யோகம் வேண்டப்படும் பருவம் பிறிதொன்றில்லை என்பதே. எங்கள் ஊரில் ஒன்றரை ஷிப்ட் என வழங்கும் பன்னிரண்டு மணிநேர உழைப்பினை எண்ணிப் பார்மின். தைப்பவர் கழுத்தைக் கவித்து, தோளை முன்வளைத்து, கண்ணை ஊசிமுனையில் நிறுத்தி அமர்ந்திருக்கின்றனர். துணி வெட்டுவோரும் இஸ்திரி செய்வோரும் நாள் முழுதும் நின்றே கால் கடுக்கின்றனர். பஞ்சுத்தூசு மூக்கில் ஏறுகின்றது. நாற்பது வயதிலேயே கழுத்துவலியும் இடுப்புவலியும் முதுமையை முன்னரே அழைத்து வருகின்றன. முதுமையில் யோகம் பார்த்துக்கொள்ளலாம் என்பார்க்கு, முதுமை அவர் குறித்த நாள்வரை காத்திராது என்பதே விடை.

இப்பருவத்தினர்க்கு யோகத்தின் பயன், தொழில் வளைத்ததை நிமிர்த்தலாம். காலையிலும் மாலையிலும் கால்மணி நேரம் தோளையும் முதுகையும் பின்னோக்கி விரித்து, பின் சுகமாக அமர்ந்து உயிர்ப்பை நெறிப்படுத்துதல் அமையும். நாழிகை ஒன்றுக்கு 360 ஆக 60 நாழிகைக்கு 21,600 மூச்சு என்பது நம் முன்னோர் கணக்கு, நிமிடத்திற்குப் பதினைந்தாம். ஓய்ந்திருக்கும் மனிதர்க்கு நிமிடத்திற்கு 12 முதல் 20 வரை என்னும் இக்கால மருத்துவர் கணக்கும் இதனோடு ஒத்து நிற்றல் காண்க. 2001-ஆம் ஆண்டில் இத்தாலிய நாட்டு மருத்துவர் பெர்னார்டி முதலியோர் 23 பேரைக் கொண்டு ஓராய்வு செய்தனர். கிறித்தவர் செபமாலை வழிபாட்டையும், பௌத்தர் மந்திரம் ஒன்றனையும் ஓதச்செய்தபொழுது, ஓதுவோர் மூச்சு நிமிடத்திற்கு ஏறத்தாழ ஆறாகத் தணிந்தது. குருதியழுத்தத்தைச் சீர்நிறுத்தும் நரம்பு வினையும் மேம்பட்டது. இதனைப் பிரித்தானிய மருத்துவ இதழ் வெளியிட்டது. நம் ஐந்தெழுத்தைத் தாழ்ந்த குரலில் நிதானமாக எண்ணுவார்க்கும் உயிர்ப்பு அங்ஙனமே தணியும் என்பது ஓதுவார் தாமே கண்டறியத்தக்கது.

உடம்பினும் உள்ளத்திற்கே இப்பருவத்தில் இடர் மிகுதி. கடனும், பிள்ளைகளின் படிப்பும், சரக்கு அனுப்ப வேண்டிய நாள் நெருங்குதலும் நெஞ்சை அழுத்துகின்றன. சனிக்கிழமை மாலையில் வாரக்கூலி கையில் விழுகின்றது. அக்கூலி வீட்டையடையுமுன் வழியில் மதுக்கடை நிற்கின்றது. அக்கடையைக் கடந்து வீடு சேர்தல் எத்துணைப் பெரிய யோகம் என்பதனை அவ்வீட்டு மகளிர் அறிவர். கள்ளுண்ணாமையை இயமத்துள் வைத்த திருமூலர், முதுகு வளைத்தலை மட்டும் யோகமென்று கொண்டிலர் என்பதனை ஈண்டு நினைக. மகளிர் கருவுற்ற காலத்து வயிற்றை அழுத்தும் ஆதனங்களை விலக்குதலும், அறிந்தார் துணைகொண்டு எளியனவே செய்தலும் வேண்டும்.

தொழிலாளர்க்குக் கூறியது போலத் தொழில் நடத்துவார்க்கும் ஒன்று கூறற்பாலது. பகுத்துண்டலும் இயமத்துள் ஒன்று. உழைப்பார்க்கு வேண்டும் ஓய்வையும் உறக்கத்தையும் நற்காற்றையும் தாராது, அவரை ஆதனம் செய்து நலம்பெறுக என்றல் நகைப்பிற்கிடமாம். வேலையிடையே சிறிது எழுந்து நிமிர இடந்தரும் முதலாளி, தாம் ஓராதனமும் செய்யாராயினும், யோகத்தின் முதற்படியில் நிற்பவரேயாவர்.

நெசவுத்தொழில் புரிவார்க்கும் யோகத்திற்கும் தொடர்பில்லை என்பார், வேதாத்திரி மகரிசியின் வரலாற்றை நோக்குக. 1911-இல் கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்திற் பிறந்து, தாமும் நெய்து வாழ்ந்து, இல்லறத்தில் நின்றவாறே தவம் பயின்றவர் அவர். 1958-இல் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தோற்றுவித்து, உழைப்பார்க்கும் இயலும் எளியமுறை உடற்பயிற்சிகளையும் அகத்தவத்தையும் வகுத்தளித்தார். பொள்ளாச்சியை அடுத்த ஆழியாற்றில் அவர் அமைத்த அறிவுத் திருக்கோயில் இக்கொங்கு நாட்டார் பலர்க்குப் பயன்பட்டு வருகின்றது. 2006-இல் அவர் மறைந்தார். அவர்தம் கொள்கை நம் முப்பொருள் உண்மையோடு முற்றும் ஒவ்வாதாயினும், தறியடியில் இருந்தார்க்கும் யோகம் கூடும் என்பதற்கு அவர் வாழ்வே சான்றாம்.

மூன்றாவது முதுமை. அடியேன் அறுபதைக் கடந்தவன். பங்கயாதனத்திற்கு என் முழங்காலும் இசைவதில்லை. ஆயின் திருமூலர் பத்திரம், கோமுகம், பங்கயம், கேசரி முதலியவற்றோடு சுகாதனத்தையும் சேர்த்தே சிறந்தனவாக எண்ணினர். எவ்வாறு அமர்ந்தால் உடம்பு வருந்தாது நிலைத்து நிற்குமோ அதுவே சுகாதனம். ஆதலின் நாற்காலியில் முதுகு நிமிர்த்தி, இரு பாதமும் நிலத்திற் பதிய அமர்தலும் முதியோர்க்கு ஆதனமே. இவ்விடையை அம்மூதாட்டியார்க்குக் கூறியபொழுது அவர் முகம் மலர்ந்தது. இப்பொழுது நாள்தோறும் காலையில் அங்ஙனம் அமர்ந்து ஐந்தெழுத்து எண்ணுவதாகக் கூறுகின்றனர்.

அறுபத்தைந்து கடந்தோர் வாரத்தில் மூன்று நாளேனும் உடலின் சமநிலையும் வலிமையும் காக்கும் பயிற்சிகள் செய்தல் வேண்டும் என்று மேற்கூறிய 2020-ஆம் ஆண்டு நெறிமுறை விதிக்கின்றது. வீழ்ந்து எலும்பு முறிதல் முதியோர்க்குப் பெருங்கேடாதலின் என்க. சுவரைப் பற்றிக்கொண்டு ஒருகாலில் நிற்றல், கைகளை மெல்ல உயர்த்தித் தாழ்த்தல் போல்வன அவர்க்கு ஏற்றன. குருதியழுத்தம், இதயநோய் உடையோர் மூச்சை அடக்குதலும், கண்ணழுத்த நோயுடையோர் தலைகீழாக நிற்றலும் தவிர்க்கற்பாலன. பூரகம் 16, கும்பகம் 64, இரேசகம் 32 மாத்திரை என்னும் நூற்கணக்கு குருவின் கண்காணிப்பில் படிப்படியே பயின்றார்க்கு உரியது. முதுமையில் நூலைக் கண்டு தொடங்குவார்க்கு உரியதன்று.

பருவத்திற்கேற்ற யோகம் என்னும் கருத்தை இக்காலத்தில் தெளிவுற விளக்கியவர் திருமலை கிருஷ்ணமாசாரியார் என்னும் வைணவப் பெரியார். 1888-இற் பிறந்து, மைசூர் அரசர் ஆதரவில் யோகசாலை நடத்தி, பின் சென்னையில் நெடுங்காலம் வாழ்ந்து, நூறு வயது நிரம்பி 1989-இல் மறைந்தவர் அவர். வளர்பருவத்தினர்க்குப் படைப்பு முறை, இல்லறத்தார்க்கு நிலைபேற்று முறை, முதியோர்க்கு ஒடுக்க முறை என மூவகையாக யோகத்தை அவர் பகுத்துக் கற்பித்தனர். படைத்தல், காத்தல், ஒடுக்குதல் என்னும் மூன்றும் இம்மூன்று பருவத்தும் அமைந்திருத்தல் எண்ணி மகிழ்தற்குரியது.

ஆயின் சைவர்க்கு இறைவன் தொழில் மூன்றல்ல, ஐந்து. மறைத்தலும் அருளலும் எஞ்சி நிற்கின்றன. உடம்பின் பருவத்தைப் பற்றிய யோகம் முதல் மூன்றோடு நின்றுவிடும். உயிரின் பக்குவத்தைப் பற்றிய சிவயோகமோ பின்னிரண்டையும் நோக்குவது. மறைப்பினுள் நின்று மலம் பழுத்து அருளைப் பெறுதற்கு ஆண்டுக் கணக்கு இல்லை. சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நான்கினையும் தாயுமானவர் அரும்பு, மலர், காய், கனி எனக் கூறியது உயிரின் முதிர்ச்சி பற்றியேயன்றி உடம்பின் முதிர்ச்சி பற்றியன்று.

இதற்குச் சான்று வேறு தேடவேண்டா. சமயகுரவர் நால்வரே சான்றாவர். சரியைக்கு அப்பரும், கிரியைக்குச் சம்பந்தரும், யோகத்திற்குச் சுந்தரரும், ஞானத்திற்கு மணிவாசகரும் எடுத்துக்காட்டென்பது நம் மரபு. அவர்தம் வயதினை நோக்குக. அப்பர் 81, சம்பந்தர் 16, சுந்தரர் 18, மணிவாசகர் 32 என்பர். படிகள் வயதின் வழிச் செல்வனவாயின், முதற்படியாகிய சரியைக்கு எண்பத்தொரு வயதினர் எங்ஙனம் எடுத்துக்காட்டாவர்? முதிர்ந்த வயதிலும் உழவாரம் ஏந்தித் திருக்கோயிற் புல் செதுக்கியவர் அப்பர். யோகநெறிக்கு எடுத்துக்காட்டாகிய சுந்தரரோ பதினெட்டே ஆண்டு வாழ்ந்தவர். பரவையாரையும் சங்கிலியாரையும் மணந்து இல்லறத்தில் நின்றவர். காடு புகுந்தவரல்லர், ஓய்வு பெற்றவருமல்லர். இறைவனைத் தோழனாகக் கொண்டு இன்பதுன்பம் அனைத்தினும் அவனைப் பிரியாதிருந்ததே அவர் யோகம். அவரை நாள்தோறும் நினைந்தே பெருமிழலைக் குறும்ப நாயனார் யோகசித்தி பெற்று, அவர் கயிலை செல்லுமுன்னரே யோகத்தால் உடல்நீத்து ஆங்குச் சென்றடைந்தனர் என்று சேக்கிழார் கூறுகின்றனர்.

‘ஞானத்தாலன்றோ வீடு’ என்ற அன்பர்க்கும் இதுவே விடை. கனியே வேண்டுமென்பார் காயை வெறுத்தெறிதல் அறிவுடைமையாகாது. சரியைக்குச் சாலோகமும், கிரியைக்குச் சாமீபமும், யோகத்திற்குச் சாரூபமும், ஞானத்திற்குச் சாயுச்சியமும் பயனென நூல்கள் வகுத்தது, ஒன்றனைக்கொண்டு மற்றொன்றனை இகழ்தற்கன்று; ஒன்றன்வழி மற்றொன்றிற்கு ஏறுதற்கேயாம். சிவனை நினையாத யோகம் உடற்பயிற்சி; அதற்கும் பயனுண்டு, அப்பயன் உடம்போடு முடியும். உடம்பைப் பேணாது ஞானநூல் மட்டும் ஓதுதலோ, நோயும் சோம்பும் வந்து தடுக்குங்கால் அந்நூலையும் விட்டொழிதலில் முடியும்.

திருப்பூரை அடுத்த அவிநாசியில் சுந்தரர் செய்த அற்புதம் சைவர் யாவரும் அறிந்ததே. முதலை விழுங்கிய சிறுவனை அவர் பதிகம் பாடி மீட்டபொழுது, அவன் விழுங்கப்பட்ட வயதினனாக வரவில்லை. இடையிற் கழிந்த ஆண்டுகளின் வளர்ச்சியோடு வந்தனன். அடியேன் இவ்வரலாற்றை நினையுந்தோறும், வறுமையும் உழைப்பும் கவலையும் விழுங்கிவிட்ட தம் ஆண்டுகளை எண்ணி ஏங்கும் எம் ஊர் மக்களை நினைக்கின்றேன். இறைவன் திருவருட்கு ‘இழந்த பருவம்’ என ஒன்றில்லை. அவனை நினைந்து நிமிர்ந்தமரும் ஒருநாளில், கழிந்த நாட்களின் முதிர்ச்சியையும் கூட்டித் தருதல் அவனுக்கு அரிதன்று. யோகநெறித் தலைவராகிய நம்பியாரூரர் எம் ஊரின் பக்கத்திலேயே அதனைக் காட்டிச் சென்றனர்.

ஆகவே சிறார் நிமிர்ந்திருந்து ஓதுக. நடுவயதினர் தொழிலுக்கு முன்னும் பின்னும் சிறுபொழுதேனும் உயிர்ப்பை நெறிப்படுத்துக. கூலியோடு நேரே வீடு சேர்க. முதியோர் இயன்றவாறு அமர்ந்து ஐந்தெழுத்தை எண்ணுக. கற்றோர் தம் அநுட்டானத்தை விரையாது செய்க. இறுதிக்காலத்தில் இறைவன் திருநாமம் நாவில் எழவேண்டுமென்று வேண்டாதார் இலர். அந்நாள் எதுவென்று அறிந்தாரும் இலர். நாள்தோறும் பழகியதே அன்றும் நாவில் வரும். யோகத்திற்கு உரிய பருவம் யாதென்று வினவின், உயிர்ப்பு உள்ள பருவமே என்க.

திருச்சிற்றம்பலம்